வளையத்திலிருந்து மீட்ட விண்மீன் திரள்: எஸ்பிடி0418-47 பற்றிய நிகழ்வு ஆய்வு

தென்துருவத்தில் நிற்கும் 10 மீட்டர் விட்டமுள்ள தென்துருவத் தொலைநோக்கி, தொலைதூர விண்மீன் திரள்களைத் தேடுவதற்காகக் கட்டப்பட்டதன்று. பெருவெடிப்பின் எச்சமாக வானமெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சை அளப்பதே அதன் முதன்மைப் பணி. ஆனால் 1.4, 2, 3 மில்லிமீட்டர் அலைநீளங்களில் தென்வானத்தின் 2,500 சதுரப் பாகைப் பரப்பை அது அளந்து முடித்தபோது, நுண்ணலைப் பின்புலத்தின் மேல் சிதறிக் கிடந்த ஒளிப்புள்ளிகள் சில எந்தப் பழைய பட்டியலிலும் அடங்காமல் நின்றன. அவற்றுள் ஒன்றுதான் எஸ்பிடி0418-47. எஸ்பிடி என்பது அத்தொலைநோக்கியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்; வானத்தில் அதன் இருப்பிடத்தைக் குறிக்கும் எண்களே அதற்குப் பெயரின் பகுதியாயின. கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக இந்த ஒரே பொருளை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு கருவிகளால் ஆராய்ந்துள்ளன. அவர்கள் எட்டிய முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஈர்ப்பு வில்லை (பின்னாலுள்ள பொருளின் ஒளியைத் தன் ஈர்ப்பால் வளைத்துப் பெருக்கும் இடைத்திரள்) வழியாக நாம் பெறும் அறிவில் எவ்வளவு நேரடி அளவீடு, எவ்வளவு கணித மீட்பு என்பது தெளிவாகும். இக்கட்டுரை அந்தப் பிரிகோட்டைப் பின்தொடர்ந்தே செல்கிறது.

பிரகாசமே முதல் தடயம்

மில்லிமீட்டர் அலைகளில் பளிச்சென்று தெரியும் ஒரு புள்ளி எதுவாக இருக்கலாம்? பெரும்பாலானவை, மையக் கருந்துளையிலிருந்து தாரைகளைப் பீய்ச்சும் ரேடியோத் திரள்கள். அலைநீளம் கூடக் கூட அவற்றின் ஒளி வலுக்கும் என்பதால் அவற்றை எளிதில் பிரித்துவிடலாம். தூசின் வெப்ப ஒளி இதற்கு நேர்மாறானது, 1.4 மில்லிமீட்டரில் வலுவாகவும் 2 மில்லிமீட்டரில் மங்கலாகவும் இருக்கும். தூசு நிறைந்தவற்றுள் நமக்கு அருகிலுள்ள திரள்கள் ஏற்கெனவே அகச்சிவப்புப் பட்டியல்களில் பதிவானவை. இவை இரண்டையும் கழித்த பிறகும் எஞ்சிய பிரகாசமான புள்ளிகள்தான் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தன.

இங்கே இரண்டு இயற்பியல் உண்மைகள் கைகோக்கின்றன. முதலாவது, புதிதாகப் பிறக்கும் பெருவிண்மீன்களின் புற ஊதா ஒளியைச் சுற்றியுள்ள தூசு விழுங்கி, சூடாகி, அகச்சிவப்பில் திருப்பி உமிழ்கிறது. அண்டம் விரிவதால் அந்த ஒளியின் உச்சம் மில்லிமீட்டர் பகுதியை நோக்கி நகர்கிறது. ஒரு திரள் தொலைவாகப் போகப் போக மங்கவேண்டிய ஒளி, இந்த நகர்வினால் ஏறத்தாழ அதே அளவில் நிற்கிறது. ஆகவே மில்லிமீட்டர் வானில் தொலைவு ஒரு பெரிய தடையன்று. இரண்டாவது, இயல்பாகவே மிகப் பிரகாசமான தூசுத் திரள்கள் மிகமிக அரிதானவை. பிரகாச அளவை உயர்த்திக்கொண்டே போனால் அவற்றின் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிகிறது. அந்தச் சரிவைத் தாண்டியும் பிரகாசமாக நிற்கும் ஒன்றைக் கண்டால், நடுவே நிற்கும் ஏதோ ஒரு திரளின் ஈர்ப்பு அதன் ஒளியைப் பெருக்கியிருக்கிறது என்பதே மிகச் சாத்தியமான விளக்கம். படமே எடுக்காமல், எண்ணிக்கையின் தர்க்கத்தை மட்டும் கொண்டு ஈர்ப்பு வில்லைகளைத் தேர்ந்தெடுக்கும் இந்த வழி இத்துறையின் அழகான சாதனைகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

2013-இல் இந்தக் கணிப்பு உறுதியானது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் அல்மா தொலைநோக்கி வரிசை அப்போது முழுமையடையவில்லை. திட்டமிட்ட 66 அலைவாங்கிகளில் ஏறத்தாழ கால்பங்கே இயங்கின. அவற்றைக் கொண்டு ஹோவாகின் வியேராவும் அவருடைய குழுவினரும் 26 மூலங்களின் நிறமாலையை எடுத்தபோது, 23-இல் வாயுவின் கோடுகள் கிடைத்தன. அவற்றுள் குறைந்தது 10 திரள்கள் 4-ஐ விட அதிகமான செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டுள்ள அளவு) கொண்டவை. எஸ்பிடி0418-47-இல் கார்பன் மோனாக்சைடின் இரண்டு கோடுகள் பதிவாயின. ஆய்வகத்தில் 461 கிகாஹெர்ட்சில் எழும் கோடு 88 கிகாஹெர்ட்சுக்கு இறங்கியிருந்தது. இரண்டின் விகிதம் 5.22, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் செம்பெயர்ச்சி 4.22. அண்டத்தின் வயது 140 கோடி ஆண்டுகளாக இருந்தபோது புறப்பட்ட ஒளி, 1,200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பயணம் செய்து நம்மை அடைந்திருக்கிறது. ஒற்றைக் கோடு மட்டும் கிடைத்திருந்தால் அது எந்த மூலக்கூறின் எந்தத் தாவல் என்ற ஐயம் எஞ்சியிருக்கும். இரண்டாவது கோடு அந்த ஐயத்தைத் தீர்த்தது.

நடுவில் நிற்கும் திரள்

அல்மாவின் படத்தில் எஸ்பிடி0418-47 ஏறத்தாழ முழுமையான வளையமாகத் தெரிந்தது. வளையத்தின் மையத்தில் நிற்கும் வில்லைத் திரளின் செம்பெயர்ச்சி 0.263, அதன் ஒளி சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. மூலமும் (பின்னால் நிற்கும் தொலைதூரத் திரள்) வில்லையும் நாமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்துவிட்டதால், மூலத்தின் ஒளி எல்லாப் பக்கங்களிலும் சமமாக வளைந்து ஐன்ஸ்டைன் வளையமாகியிருக்கிறது.

அந்த வளையத்தின் ஆரம் ஏறத்தாழ 1.2 வில்நொடி. ஒரு பாகையை 3,600 கூறுகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கூறுதான் ஒரு வில்நொடி; எனவே வளையம் மிகச் சிறியது. ஆயினும் இந்த ஒற்றை அளவிலிருந்து வில்லைத் திரளை எடைபோட முடியும். வளைய ஆரத்தின் வர்க்கமும், வில்லைக்கும் மூலத்துக்கும் உள்ள தொலைவுகளின் விகிதமும் தெரிந்தால், வளையத்துக்குள் அடங்கிய மொத்த நிறை பொதுச் சார்பியலிலிருந்து நேரடியாகக் கிடைக்கும். இன்று ஏற்கப்பட்டுள்ள அண்டவியல் அளவுகளை இட்டுக் கணக்கிட்டால், சுமார் 16,000 ஒளியாண்டு ஆரத்துக்குள் ஏறத்தாழ 17,000 கோடி சூரியன்களின் நிறை அடங்கியிருப்பது தெரிகிறது. அதில் விண்மீன்களும் கரும்பொருளும் சேர்ந்தே அடக்கம். ஒளிர்வதா ஒளிராததா என்று ஈர்ப்பு பார்ப்பதில்லை. இந்த ஆய்வில் மாதிரியின் தயவு மிகக் குறைவாகத் தேவைப்படும் எண் இதுவே.

உருப்பெருக்கம் அப்படிப்பட்டதன்று. வில்லை எந்த ஒளிப்பரப்பையும் கூடுதல் பிரகாசமாக்குவதில்லை. ஒரு சதுர வில்நொடியிலிருந்து வரும் ஒளியின் அளவு வளைவுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். மாறுவது பரப்பு. மூலத்தின் பரப்பு வானில் விரிந்து பரவுவதால் மொத்த ஒளி கூடுகிறது. எத்தனை மடங்கு என்பதை அறிய, வில்லையின் நிறை எப்படிப் பரவியுள்ளது, மூலம் எங்கே எந்த வடிவில் இருக்கிறது என்ற இரண்டையும் ஒருசேர ஊகித்து, அந்த ஊகம் அல்மா பதிவுசெய்த அலைகளைத் திரும்பத் தருகிறதா என்று சோதிக்கவேண்டும். 2013-இல் வெளியான முதல் மாதிரி, எஸ்பிடி0418-47-இன் உருப்பெருக்கத்தை 21 மடங்கு என மதிப்பிட்டது. கூடுதல் தரவுகளுடன் 2016-இல் செய்த மதிப்பீடு அதை 32 அல்லது 33 மடங்குக்கு உயர்த்தியது. பின்னர் ஜேம்ஸ் வெப் படங்களையும் சேர்த்துச் செய்த கணக்கில் அது 29 ஆனது. எண்களின் இந்த அசைவைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அதன் விளைவை மறக்கக்கூடாது. 21-ஐ 32 என்று திருத்தியபோது, அத்திரளின் இயல்பான ஒளிர்வும் விண்மீன் பிறப்பு வீதமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. அவ்வளவு தொலைவில் எதுவும் மாறவில்லை. மாறியது மேசைமேல் இருந்த மாதிரி மட்டுமே.

உருப்பெருக்கத்தின் மதிப்பையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். மங்கலான பொருளைப் பதிவுசெய்யத் தேவையான நேரம், அதன் பிரகாசக் குறைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே 32 மடங்கு பெருக்கம் என்பது ஏறத்தாழ 1,000 மடங்கு நேரச் சேமிப்பு. அல்மா இத்திரளை ஒரு மணி நேரத்தில் பார்த்ததை, வில்லை இல்லாமல் பார்க்க ஒரு மாதத்துக்கும் மேல் இடைவிடாமல் நோக்கவேண்டியிருக்கும். உலகமே போட்டியிடும் அக்கருவியில் எவருக்கும் அந்த நேரம் கிடைக்காது.

அமைதியான தட்டு

2020 ஆகஸ்டில், ஜெர்மனியின் கார்ஹிங் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வான்இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்செஸ்கா ரிட்சோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வுதான் இத்திரளைப் பரவலாக அறியச் செய்தது. அவர்கள் பயன்படுத்தியது, ஒரு எலக்ட்ரானை இழந்த கார்பன் அயனி 158 மைக்ரோமீட்டரில் உமிழும் கோடு. செம்பெயர்ச்சியால் நீண்டு 0.82 மில்லிமீட்டரில் நம்மை அடையும் அது, குளிர்ந்த வாயு எங்கே எவ்வேகத்தில் நகர்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அல்மா தரும் தரவு ஒற்றைப் படமன்று; சற்றே வேறுபட்ட அலைவெண்களில் எடுத்த படங்களின் அடுக்கு. சுழலும் திரளின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் செல்வதால், ஒவ்வொரு அலைவெண்ணிலும் திரளின் ஒரு பட்டை மட்டுமே ஒளிர்கிறது. வில்லை அந்தப் பட்டையை வளையத்தின் எதிரெதிர் இடங்களில் வில்களாக வரைகிறது. அடுத்த அலைவெண்ணுக்கு நகர்ந்தால் வில்களும் வளையத்தின்மேல் இடம்பெயர்கின்றன. ரிட்சோவின் முறை, படத்தை முதலில் நேராக்கிவிட்டுப் பிறகு சுழற்சியை அளப்பதில்லை. அடுக்கு முழுவதையும் ஒரே கணக்கில் எடுத்துக்கொண்டு, வில்லையின் நிறையையும் மூலத்தின் ஒளிப்பரவலையும் வேகத்தையும் சேர்த்தே மீட்கிறது. அதில் ஒரு நல்ல தற்காப்பும் உண்டு: வில்லை எல்லா அலைவெண்களையும் ஒரேபோல்தான் வளைக்கும் என்பதால், வில்லையின் மாதிரி தவறாக இருந்தால் அது ஏதாவதொரு அலைவெண்ணில் பொருந்தாமல் வெளிப்பட்டுவிடும்.

கிடைத்த முடிவு வியப்பூட்டியது. சுமார் 60 பார்செக், அதாவது ஏறத்தாழ 200 ஒளியாண்டு நுணுக்கத்தில், ஒழுங்காகச் சுழலும் ஒரு தட்டு தெரிந்தது. வாயுவின் தாறுமாறான அசைவு நொடிக்கு 32 கிலோமீட்டர் மட்டுமே. சுழல் வேகத்துக்கும் தாறுமாறான வேகத்துக்கும் உள்ள விகிதம் 9.7. அண்ட வரலாற்றின் அக்கட்டத்துக்குத் திரள் உருவாக்க மாதிரிகள் எதிர்பார்த்ததைப்போல் குறைந்தது நான்கு மடங்கு இது. ஆண்டொன்றுக்குச் சுமார் 350 சூரியன்களின் நிறைக்கு விண்மீன்கள் பிறக்கும் ஓர் இளந்திரளில், வெடித்துச் சிதறும் பெருவிண்மீன்களும் உள்ளே பாயும் வாயுவும் எல்லாவற்றையும் கலக்கியடித்திருக்கும் என்றே கருதப்பட்டது. அதற்கு மாறாக, அருகிலுள்ள சுருள் திரள்களுக்கு நிகரான ஒழுங்கு அங்கே நிலவியது. நம் பால்வீதியின் சாயல் கொண்ட மிகத் தொலைவான திரள் என்று அன்று செய்திகள் எழுதின.

வில்லையின் பங்கு இங்கே வெறும் பெருக்கத்தோடு நிற்கவில்லை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். தெளிவற்ற படத்தில், திரளின் மையத்தில் வேகமாக மாறும் சுழல் வேகங்கள் ஒன்றோடொன்று குழைந்து, தாறுமாறான அசைவு போலவே தோற்றமளிக்கும். தொலைவான திரள்கள் கொந்தளிப்பானவை என்ற பழைய முடிவுகளில் எவ்வளவு உண்மையான கொந்தளிப்பு, எவ்வளவு மங்கலின் விளைவு என்ற கேள்வியை 60 பார்செக் நுணுக்கம்தான் கூர்மையாக எழுப்பியது. விகிதம் 9.7 என்ற எண்ணைவிட இந்தக் கேள்வியே அந்த ஆய்வின் நிலையான பயன்.

அதே சமயம், எவை நேரடியாகக் காணப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த ஆய்வில் விண்மீன்களின் ஒளி இல்லை. திரளில் சுமார் 1,200 கோடி சூரியன்களின் நிறைக்கு விண்மீன்கள் உண்டு, நடுவே ஒரு புடைப்பு உண்டு என்ற இரண்டும் வாயுவின் சுழல் வேகத்திலிருந்து உய்த்தறியப்பட்டவை. திரளின் சாதாரணப் பொருளில் பாதிக்குச் சற்று மேலாக வாயு. அதே வேகத்தில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தால் அந்த வாயு ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்ற கணக்கும் அவற்றின் மேல் கட்டப்பட்டதே.

வெப் தொலைநோக்கி சேர்த்தது

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தொடக்ககாலத் திட்டங்களில் ஒன்றான டெம்ப்ளேட்ஸ், ஈர்ப்பு வில்லையால் பெருக்கப்பட்ட நான்கு திரள்களைத் தேர்ந்தெடுத்தது. ஜேன் ரிக்பியும் வியேராவும் தலைமையேற்ற அத்திட்டத்தில் எஸ்பிடி0418-47 இடம்பெற்றது. 2022-இல் படங்கள் வந்தன. அவற்றிலிருந்து வெளிவந்த ஆய்வுகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லலாம், மற்றொன்று இந்நிகழ்வின் திருப்புமுனை.

சுருக்கமானது இது. 2023 ஜூனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் ஸ்பில்கரும் குழுவினரும், பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களின் 3.3 மைக்ரோமீட்டர் உமிழ்வை இத்திரளில் கண்டதாக அறிவித்தனர். வாகனப் புகையிலும் கரியிலும் இருக்கும் மூலக்கூறுகளின் வகையைச் சேர்ந்த இவை, அவ்வளவு தொலைவில் அதற்கு முன் கண்டறியப்பட்டதில்லை. அருகிலுள்ள திரள்களில் விண்மீன் பிறப்பின் அடையாளமாகக் கொள்ளப்படும் இம்மூலக்கூறுகள், இங்கே விண்மீன்கள் பிறக்கும் எல்லா இடங்களிலும் ஒளிரவில்லை. சில இடங்களில் ஒன்றிருக்க மற்றொன்று இல்லை. எளிதான அடையாளம் என்று நம்பியதைத் தொலைதூரத்தில் எச்சரிக்கையோடு பயன்படுத்தவேண்டும் என்பது அதன் பொருள்.

திருப்புமுனை, வளையத்தின் ஓரத்தில் இருந்த ஓர் ஒளித்திட்டிலிருந்து வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் போ பெங்கும் அமித் விஷ்வாஸும் உள்ளிட்ட குழு, வெப் நிறமாலைத் தரவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 3.43 மைக்ரோமீட்டருக்கு நகர்ந்து வளையத்தில் மட்டுமின்றி அந்தத் திட்டிலும் இருப்பதைக் கண்டது. அதே செம்பெயர்ச்சி என்றால் அத்திட்டு வில்லைத் திரளைச் சேர்ந்ததன்று. மூலத் திரளின் அண்டையிலேயே இருக்கும் இன்னொரு திரள். அதன் இரண்டாவது பிம்பமும் வளையத்தின் பளபளப்புக்கு அருகே அடையாளம் காணப்பட்டது. பழைய அல்மா தரவைத் திரும்பப் புரட்டியபோது, கார்பன் அயனியின் ஒளி அங்கேயும் மங்கலாக இருந்தது. அதாவது இத்துணைத் திரள் தரவுக் காப்பகத்தில் முன்பே இருந்திருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்பதற்கான காரணம்தான் எவருக்கும் தோன்றவில்லை.

பெங்கின் குழு கண்ட இன்னொன்று, துணைத் திரளில் கன தனிமங்கள் ஏறக்குறைய சூரியனில் உள்ள அளவுக்கு நிறைந்திருந்தன என்பது. முதன்மைத் திரளின் அகச்சிவப்புக் கோடுகளைக் கொண்டு 2019-இலேயே இதையொத்த முடிவு எட்டப்பட்டிருந்தது. அண்டத்துக்கு 140 கோடி வயதானபோதே இங்கே விண்மீன்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து இறந்து தனிமங்களைச் சேர்த்திருக்கவேண்டும்.

அதன்பின் ஜாரெட் கேத்தியும் குழுவினரும் வெப், அல்மா தரவுகளை இணைத்துச் செய்த மறுமாதிரி, இரு திரள்களுக்கும் இடையே வானத்தளத்தில் தெரியும் தொலைவை 4.4 கிலோபார்செக் என்று கணித்தது. ஏறத்தாழ 14,000 ஒளியாண்டு. விண்மீன் நிறையில் இரண்டும் சுமார் 4-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. முதன்மைத் திரளின் ஓரத்தில் ஈர்ப்பால் இழுபட்டது போன்ற ஒரு நீட்சியும் தென்படுகிறது. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது உருப்பெருக்கங்களின் வேறுபாடு: முதன்மைத் திரளுக்கு 29, துணைத் திரளுக்கு 4.1 மட்டுமே. நம் சூரியனுக்கும் பால்வீதியின் மையத்துக்கும் உள்ள தொலைவைவிடக் குறைந்த இடைவெளிக்குள், ஒன்று வில்லையின் நேர்ப்பின்னே விழுந்து வளையமானது. மற்றொன்று சற்றே விலகி நின்றதால் திட்டாகத் தங்கிவிட்டது. பழைய அல்மா படத்தில் ஒன்று கண்ணைப் பறித்ததும் மற்றொன்று கண்டுகொள்ளப்படாமல் போனதும் அவற்றின் இயல்பை மட்டும் சார்ந்ததன்று. வில்லை வகுத்த பங்கீட்டையும் சார்ந்தது.

அமைதியும் இணைவும் ஒரே இடத்தில்

அப்படியானால் 2020-இன் அமைதியான தட்டு தவறா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. அது அளந்தது உள்தட்டிலுள்ள குளிர்ந்த வாயுவை. நான்கில் ஒரு பங்கு நிறையுள்ள துணை ஒன்று அருகே வந்துவிட்டதாலேயே உள்தட்டின் சுழற்சி உடனே குலைந்துவிடவேண்டும் என்பதில்லை. கேத்தியின் குழு இன்னொன்றும் கண்டது: இரு திரள்களின் விண்மீன் பிறப்பு வீதங்களும், அக்காலத்தில் அந்தந்த நிறையுள்ள திரள்களுக்கு இயல்பான அளவிலேயே உள்ளன, நெருக்கம் அதைக் குறிப்பிடும்படி தூண்டிவிடவில்லை. இந்த முடிவு விண்மீன் நிறையின் மதிப்பீட்டைப் பெரிதும் சார்ந்தது என்பதை உடன் சேர்த்துப் படிக்கவேண்டும். பிறப்பு வீதம் அதேதான் என்றாலும், நிறையைக் குறைத்து மதிப்பிட்டால் திரள் வெறியோடு விண்மீன்களைப் பெறுவதாகவும், கூட்டி மதிப்பிட்டால் இயல்பாக இருப்பதாகவும் தோன்றும். சுழற்சியிலிருந்து உய்த்த நிறையும், வெப் பதிவுசெய்த விண்மீன் ஒளியிலிருந்து கணித்த நிறையும் வெவ்வேறு வழிகளில் வந்தவை. தூசு மூடிய திரளில் இரண்டாவது வழிக்கும் தன் பங்குக்கு இடர்கள் உண்டு.

திருத்தப்படவேண்டியது, தனித்து நிற்கும் அமைதியான திரள் என்று அந்தத் தட்டைச் சுற்றி மனத்தில் வரைந்துகொண்ட படம்தான். இழுபட்ட நீட்சி உண்மையானதா என்பதே அடுத்துத் தீர்க்கவேண்டிய கேள்வி. பெருக்கம் சட்டென மாறும் எல்லைகளை ஒட்டி, மாதிரியின் சிறு பிழைகூட இல்லாத வாலை வரைந்துவிடும். ஒளியின் வடிவத்தை மட்டும் வைத்து அதை நம்புவது கடினம். அந்த நீட்சியிலுள்ள வாயுவின் வேகம் தட்டின் சுழற்சியோடு பொருந்துகிறதா, துணைத் திரளை நோக்கி விலகுகிறதா என்று பார்த்தால் விடை தெரியும். அதற்கு, வளையத்தையும் திட்டையும் தனித்தனியாகக் கையாளாமல், இரு திரள்களையும் ஒரே வில்லையின் பின்னால் ஒன்றாக வைத்து, கார்பன் கோட்டின் அலைவெண் அடுக்கு முழுவதையும் ஒரே கணக்கில் மீட்கவேண்டும். 2020-இன் கணக்கில் துணைத் திரளுக்கு இடமே வைக்கப்படவில்லை; இனிச் செய்யும் கணக்கில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.